பறக்கும் இறக்கையில் முதலில் ஏற வேண்டியது எது?

வானூர்தி ஒன்றை வரையும்படி எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்தாலும், அப்பிள்ளை நீண்ட குழாய் ஒன்றை வரைந்து, அதன் இருமருங்கும் இரண்டு இறக்கைகளை ஒட்டி, பின்புறத்தில் ஒரு வாலை நிமிர்த்தி வைக்கும். இதில் வியப்பில்லை. போயிங் நிறுவனத்தின் 707 வானூர்தி 1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக் மாகடலைக் கடக்கத் தொடங்கிய நாள் முதல், நாம் ஏறி இறங்கும் பெரிய வானூர்திகள் அனைத்தும் ஏறத்தாழ அவ்வடிவத்திலேயே அமைந்துள்ளன. ஆயினும், குழாயும் வேண்டாம், வாலும் வேண்டாம், இறக்கை ஒன்றே போதும் என்னும் எண்ணம் 707ஐ விட மிக மூத்தது. அத்தகைய வானூர்திக்குப் 'பறக்கும் இறக்கை' என்று பெயர்.

அண்மைக் காலமாக இவ்வடிவத்தைக் காட்டும் வண்ணப் படங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி வெளிவருகின்றன. மண்டபம் போன்ற அகன்ற அறையில் பயணிகள் சாய்ந்திருக்க, இன்றைய எரிபொருளில் பாதியே போதுமான வானூர்தி இன்னும் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று அவை கூறுகின்றன. வடிவம் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் முதலில் ஏற்றப்பட வேண்டியவர்கள் மனிதர்கள் அல்லர் என்பதே நான் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்து. பல ஆண்டுகள் அது சரக்கைச் சுமக்கட்டும், எரிபொருளைச் சுமக்கட்டும். அதன் பின்னர் நம் பிள்ளைகளை அதில் அமர்த்துவது பற்றிப் பேசலாம்.

முதலில் இவ்வடிவத்தின் சிறப்பைச் சொல்லிவிடுதல் முறையாகும். வானூர்தியைத் தாங்கி நிற்பது இறக்கை. நடுவிலுள்ள குழாய் சுமையைக் கொள்கிறதேயன்றி, வானூர்தியைத் தூக்குவதில் அதன் பங்கு மிகச் சிறிது. இருந்தும் அதன் மேற்பரப்பு முழுவதும் காற்றோடு உராய்கிறது. அந்த உராய்வை வெல்ல எரிபொருள் எரிகிறது. சுமையை இறக்கைக்குள்ளேயே வைத்துவிட்டால், காற்றில் உரசும் பரப்புக் குறைகிறது. இரண்டாவது நன்மை வலிமை சார்ந்தது. தோளில் ஒரு காவடித் தண்டை வைத்து, இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டால் தண்டு வளைகிறது. அதே சுமையைத் தோளுக்கு நேரே கொண்டுவந்தால் தண்டு வளைவதில்லை. வானூர்தியில் இதுவே தலைகீழாக நிகழ்கிறது. சுமை நடுவிலே, தாங்கும் விசையோ இருபுறமும் நீண்டு செல்லும் இறக்கைகளிலே. அதனால் இறக்கைகள் மேல்நோக்கி வளைய முற்படுகின்றன. அவ்வளைவைத் தடுப்பதற்கு இறக்கையின் அடிப்பகுதியைப் பருமனாகவும் பாரமாகவும் செய்ய வேண்டியுள்ளது. தாங்கும் விசை பரந்திருப்பது போலச் சுமையும் பரந்திருந்தால் அப்பாரத்தில் ஒரு பகுதி மிச்சமாகும்.

இதனை மிக முன்னரே கண்டவர் ஜேர்மனியரான ஹூகோ யுங்கர்ஸ். பொறி, எரிபொருள், மனிதர் எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய தடித்த இறக்கைக்கு அவர் 1910ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரினார். றைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து அப்போது ஏழு ஆண்டுகள் கூட நிறைவடைந்திருக்கவில்லை! அவருடைய ஜி-38 என்னும் வானூர்தி 1929ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் பறந்தது. இறக்கையின் நீளம் 44 மீற்றர். பயணிகளில் சிலர் இறக்கையின் முன்விளிம்பிலேயே அமர்ந்து, முன்புறக் கண்ணாடி வழியாக வானை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு சென்றனர். இறக்கை அத்துணை தடிப்பாக இருந்தமையால், பறந்துகொண்டிருக்கும்போதே பொறியியலாளர் அதனுள் நடந்து சென்று இயந்திரங்களைக் கவனிக்க முடிந்தது. எனினும் ஜி-38 முழுமையான பறக்கும் இறக்கை அன்று. அதற்கு உடலும் இருந்தது, வாலும் இருந்தது. கட்டப்பட்டவை இரண்டே. ஒன்று 1936இல் விபத்தில் அழிந்தது. மற்றையது 1941இல் ஏதென்சு நகரில் பிரித்தானியக் குண்டுவீச்சில் அழிந்தது.

வாலை முற்றாக நீக்கத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜாக் நோர்த்ரொப். அவருடைய எக்ஸ்பி-35 என்னும் குண்டுவீச்சு வானூர்தி 1946ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் பறந்தது. அதன் இறக்கை 52 மீற்றர் நீளமுடையது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே வடிவில் ஜெட் இயந்திரங்கள் பூட்டிய வைபி-49 பறந்தது. வாலில்லாத வானூர்தி வாலில்லாத காற்றாடியைப் போன்றது. மூக்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே செல்லும். அதனை நேர்வழியில் வைத்திருப்பது வானோடிகளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. 1948ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் வைபி-49களுள் ஒன்று கலிபோர்ணியாப் பாலைவனத்தில் வீழ்ந்து, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவரான கிளென் எட்வேர்ட்ஸ் என்பவரின் பெயரையே இன்று உலகறிந்த எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளம் தாங்கி நிற்கிறது. சிறிது காலத்தில் திட்டம் கைவிடப்பட்டு, எஞ்சிய வானூர்திகள் உடைத்து உருக்கப்பட்டன.

பிரித்தானியாவிலும் இதே காலத்தில் ஆர்ம்ஸ்ட்ரோங் விற்வேர்த் நிறுவனம் ஏ.டபிள்யூ.52 என்னும் வாலில்லா ஜெட் வானூர்தியைப் பறக்கவிட்டது. அவ்வடிவில் பின்னர் பெரிய பயணிகள் வானூர்தி ஒன்றைக் கட்டுவதே நோக்கம். 1949ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது கடுமையாக அதிரத் தொடங்கவே, வானோடி ஜோ லங்காஸ்ரர், இருக்கையோடு மேலே எறியப்பட்டுக் குடை விரித்துத் தரையிறங்கினார். நெருக்கடியில் வெளியேற்ற இருக்கையால் உயிர் தப்பிய முதற் பிரித்தானிய வானோடி அவரே. பயணிகளாகிய நம் இருக்கைகளுக்கு அடியில் அத்தகைய பொறி எதுவும் இல்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளலாம்.

வால் இன்றியே நிலையாகப் பறக்கும் வழி நாற்பது ஆண்டுகளின் பின்னர் கணினியால் கிடைத்தது. ஒவ்வொரு வினாடியும் பல முறை அசைவை அளந்து, சுக்கான்களைத் தானே திருத்தும் கணினி துணைநிற்க, பி-2 என்னும் குண்டுவீச்சு வானூர்தி 1989ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் பறந்தது. அதன் இறக்கையின் நீளமும் நோர்த்ரொப்பின் பழைய இறக்கையின் நீளமும் ஒன்றே. ஆனால் அதில் செல்வோர் இருவர், சுமப்பது குண்டு. இருவர் செல்லும் படைக்கலம் ஒன்று பறக்கிறது என்பதிலிருந்து, இருநூற்றைம்பது பேர் செல்லும் வானூர்தி அணியமாகிவிட்டது என்று முடிவு செய்வோரின் அவசரம் எனக்கு விளங்குவதில்லை.

இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது பலரும் அறியாத ஒரு வானூர்தி. போருக்குப் பின்னர் ஜேர்மனியிலிருந்து ஆர்ஜென்ரீனா சென்ற ரைமார் ஹோர்ட்டன், தம் வாழ்நாள் முழுவதும் வாலில்லா வானூர்திகளையே வரைந்தவர். அந்நாட்டில் தோடம்பழம் விளையும் பகுதிகளிலிருந்து தலைநகர் புவனஸ் அயர்சுக்குப் பழங்களை விரைந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கென அவர் நான்கு இயந்திரங்கள் பூட்டிய, 32 மீற்றர் நீளமுள்ள பறக்கும் இறக்கை ஒன்றை வரைந்தார். தோடம்பழத்திற்கான எசுப்பானியச் சொல்லை ஒட்டி அதனை 'நாரன்ஹேரோ' என்று அழைத்தனர். கோர்டோபா நகரில் கட்டப்பட்டு, 1960ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அது பறந்தது. இயந்திரங்களின் வலு போதாமையால் அதற்கு மேல் முன்னேறாமல் கைவிடப்பட்டது. ஆயினும் எண்ணம் சரியான எண்ணம். தோடம்பழம் யன்னல் கேட்பதில்லை. வானூர்தி சாயும்போது அதற்குக் குமட்டுவதில்லை. தீப்பற்றினால் கதவைத் தேடி ஓட வேண்டிய தேவையும் அதற்கில்லை. சரக்குக்கு எளிதாயிருக்கும் இம்மூன்றுமே மனிதருக்குக் கடினமானவை.

இன்றைய முயற்சிகளுக்கு வித்திட்டது 1988ஆம் ஆண்டில் நாசாவைச் சேர்ந்த டெனிஸ் புஷ்னெல் எழுப்பிய ஒரு வினா. நெடுந்தூர வானூர்தியின் வடிவத்தில் இனிப் புதுமைக்கு இடமுண்டா என்று அவர் வினவினார். மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தில் ரொபேர்ட் லீபெக்கும் அவருடைய குழுவினரும் விடை தேடினர். இறக்கையும் உடலும் ஒன்றாய்க் கலந்த வடிவம் ஒன்று பிறந்தது. 800 பயணிகளை 7,000 கடல்மைல் தூரம் கொண்டு செல்வதாக வைத்துக் கணித்தபோது, அதே வேலையைச் செய்யும் குழாய் வடிவ வானூர்தியைவிட 27 வீதம் குறைந்த எரிபொருளே தேவைப்பட்டது. பின்னர் போயிங்கும் நாசாவும் எக்ஸ்-48 என்னும் ஆளில்லாச் சிறு மாதிரியைப் பறக்கவிட்டன. ஆறு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய அம்மாதிரியைக் கட்டித் தந்தது இங்கிலாந்தின் கிரான்பீல்ட் நிறுவனம். 2007 முதல் 2013 வரை அது 122 முறை பறந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து 'பறக்கும் வீ' வானூர்தியின் மாதிரி 2020இல் பறந்தது. எயார்பஸ் நிறுவனமும் அதே ஆண்டில் தன் மாதிரியை வெளிக்காட்டியது. இவ்விருவரும் கூறும் சேமிப்பு ஏறத்தாழ 20 வீதம்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்க விமானப்படை, ஜெட்சீரோ என்னும் நிறுவனத்துக்கு 235 மில்லியன் டொலர் வழங்கி, முழு அளவான வானூர்தி ஒன்றைக் கட்டி 2027இல் பறக்கவிடும் திட்டத்தை அறிவித்தது. இந்நிறுவனமே 50 வீதச் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறது. 20, 27, 50 என்று இவ்வெண்கள் ஏன் வேறுபடுகின்றன? எந்தப் பழைய வானூர்தியோடு ஒப்பிடப்படுகிறது, இயந்திரத்தின் முன்னேற்றம் எவ்வளவு, வடிவத்தின் முன்னேற்றம் எவ்வளவு என்பவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இவற்றை அருகருகே வைத்து நோக்குவதில் பயனில்லை. விளம்பரத்தில் வரும் வீதத்தைக் கண்டால், 'எதன் வீதம்?' என்று கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு இருத்தல் நன்று.

இனி இடர்ப்பாடுகளுக்கு வருவோம். முதலாவது காற்றழுத்தம். உயரத்தில் வெளிக்காற்று மிக மெல்லியதாதலால், உள்ளே மனிதர் மூச்சுவிடுவதற்கு அழுத்தம் ஏற்றப்படுகிறது. அந்த அழுத்தம் வானூர்தியின் சுவரில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஐந்து, ஆறு தொன் சுமையை ஏற்றுகிறது. வட்டமான குழாய்க்கு இது பெரிதன்று. ஊதிய பலூனைப் போல எல்லாப் பக்கமும் சமமாக இழுபடும். ஆனால் தட்டையான கூரையும் தட்டையான தரையும் கொண்ட அகன்ற மண்டபம், ஒவ்வொரு முறை மேலெழும்போதும் உப்பவும், இறங்கும்போது ஒடுங்கவும் முற்படும். பல்லாயிரம் முறை அவ்வாறு நிகழ்ந்தால் பொருள் களைத்து வெடிக்கும். 1954ஆம் ஆண்டு கொமெற் வானூர்திகள் இரண்டு நடுவானில் சிதறியமைக்குக் காரணம் இத்தகைய களைப்பே. அவையோ வட்டக் குழாய்கள். இதற்கு விடையாகக் கரியிழைத் துணியைத் தையல் போட்டுப் பிசின் ஊட்டிச் செய்த பலகைகளை நாசாவும் போயிங்கும் உருவாக்கி, 2015இல் வேர்ஜினியா மாநிலத்தில் பெரிய பெட்டி ஒன்றாகக் கட்டிச் சோதித்தன. நல்ல விடைதான். ஆயினும் ஒரு சோதனைக்கூடத்துப் பெட்டி, இருபது ஆண்டுக் காலப் பறப்புக்கு ஈடாகாது.

இரண்டாவது, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது: வெளியேறுதல். கதவுகளில் பாதி மட்டும் திறந்திருக்க, இருளில், 90 வினாடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினாலன்றிப் பெரிய வானூர்தி எதற்கும் பயணிகளை ஏற்ற இசைவு கிடைப்பதில்லை. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹம்பேர்க் நகரில் எயார்பஸ் ஏ-380இலிருந்து 873 பேர், பதினாறு கதவுகளில் எட்டின் வழியாக, 78 வினாடிகளில் வெளியேறினர். அது ஒத்திகை. 2024ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் நடந்ததோ மெய். தரையிறங்கிய யப்பானிய வானூர்தி ஒன்று, ஓடுபாதையில் நின்ற கரையோரக் காவற்படை வானூர்தியோடு மோதித் தீப்பற்றியது. சிறிய வானூர்தியில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பெரியதில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். அவர்களுள் எட்டுப் பேர் கைக்குழந்தைகள்.

எவ்வாறு தப்பினர் என்பதைப் பெற்றோர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அறிவிப்புக் கருவி செயலிழந்தது. பணியாளர்கள் ஒலிபெருக்கிக் குழலாலும் தம் குரலாலும் பயணிகளை வழிநடத்தினர். எட்டுக் கதவுகளில் மூன்று மட்டுமே பாதுகாப்பானவை என்று தேர்ந்து அவற்றை மட்டும் திறந்தனர். கதவைத் திறப்பதற்கு முன் வெளியே தீ உள்ளதா என்று யன்னலால் பார்ப்பது அவர்களுடைய பயிற்சியின் ஒரு பகுதி. குழாய் வடிவ வானூர்தியில், புகைக்குள் இருப்பவருக்கும் திசை இரண்டுதான்: முன்னால், அல்லது பின்னால். அகன்ற மண்டபத்தில் ஐந்தாறு நடைவழிகளுக்கு நடுவே, யன்னலே இல்லாத இடத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு எத்திசை வெளி? படக்கருவிகள் காட்டும் திரைகளை வைப்போம் என்கின்றனர். அறிவிப்புக் கருவியே செயலிழந்த தீயில் திரை மட்டும் ஒளிருமா? வடிவமைப்பாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். பயணிகள் தொகையை 800இலிருந்து 250 அளவுக்குக் குறைத்ததும், கதவுகளைக் கூட்டுவதும் நல்ல மாற்றங்களே. ஆனால் தாளில் உள்ள கதவு வேறு. எரியும் வானூர்தியில் திறக்கும் கதவு வேறு.

மூன்றாவது இடர்ப்பாடு சிறியது. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கக்கூடியது. வானூர்தி திரும்பும்போது 30 பாகை சாய்கிறது எனக் கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து 12 மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவர் எவ்வளவு உயர்வார்? 30 பாகையின் சைன் பெறுமானம் அரை. எனவே 6 மீற்றர், அதாவது இரண்டு மாடி உயரம். மறுபுறத்தில் இருப்பவர் அதே அளவு தாழ்வார். ஒடுங்கிய குழாயில் இரண்டரை மீற்றர் தள்ளி இருப்பவருக்கு இது ஒன்றேகால் மீற்றர் மட்டுமே. சாய்வை மெதுவாக்கினால் துன்பம் குறையும் என்பது உண்மை. ஆயினும் கோடை விடுமுறைப் பயணத்தில் யன்னலோர இருக்கைக்காகச் சண்டையிடும் நம் பிள்ளைகள், யன்னலும் இன்றி ஊஞ்சலும் ஆட நேர்ந்தால் என்ன சொல்வார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

'சரக்கு முதலில்' என்னும் என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புதிய பெருவானூர்தி ஒன்றை உருவாக்கப் பல்லாயிரம் மில்லியன் டொலர் வேண்டும். சரக்கு வானூர்திகளுக்கான சந்தையோ சிறியது. அவற்றில் பல, பயணிகள் வானூர்திகளாக ஓடி ஓய்ந்து மாற்றியமைக்கப்பட்டவை. ஆகவே சரக்கை மட்டும் நம்பி எவரும் முதலிட மாட்டார் என்பர். இதற்கு விடை 707இன் வரலாற்றிலேயே உள்ளது. 1954ஆம் ஆண்டு யூலையில் போயிங் பறக்கவிட்ட ஒரே முன்மாதிரியிலிருந்து இரண்டு வானூர்திகள் பிறந்தன. விமானப்படைக்கு வானில் எரிபொருள் நிரப்பும் கேசி-135 முதலில் சேவைக்கு வந்தது. பயணிகளுக்கான 707 அதன் பின்னர் வந்தது. இன்றும் பணம் தந்திருப்பது விமானப்படை; அதற்கு வேண்டியது எரிபொருள் நிரப்பும் வானூர்தியும் சரக்கு வானூர்தியும். நாட்டிலஸ் என்னும் இன்னொரு அமெரிக்க நிறுவனமும் கோனா என்னும் சரக்கு வானூர்தியிலிருந்தே தன் திட்டத்தைத் தொடங்கியது. படைகளின் பணத்தால் வளரும் தொழில்நுட்பத்தை நான் மகிழ்வோடு வரவேற்கவில்லை. நம்மவரில் எவர்தாம் வரவேற்பார்? எனினும் பாதை அவ்வாறே அமைந்திருக்கிறது. அதனைப் பொறுமைக்குப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை.

புவி வெப்பமடைதலை முன்னிறுத்தி, காத்திருக்க நேரமில்லை என்போரும் உளர். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் வான்பயணத்தின் பங்கு ஏறத்தாழ இரண்டரை வீதம். அதனைக் குறைத்தல் இன்றியமையாததே. ஆனால் ஒரு தொன் சரக்கைச் சுமக்கையில் மிச்சமாகும் எரிபொருளும் எரிபொருள்தானே. முதற் பயணிகள் வானூர்தியே பெரும் விபத்துக்குள்ளானால், இவ்வடிவம் இன்னொரு நாற்பது ஆண்டுகள் உறங்கப் போய்விடும். அது வளிமண்டலத்திற்கும் நன்மை தராது.

ஆகவே, அந்த முழு அளவான வானூர்தி எழும் நாளில் அது எழுந்ததா என்பதை மட்டும் பார்த்துக் கைதட்டுவதோடு நான் நின்றுவிடப் போவதில்லை. பத்தாண்டுகளேனும் அது சரக்கோடும் எரிபொருளோடும் பறந்து, அதன் சுவர்கள் எத்தனை முறை உப்பி ஒடுங்கின, எங்கே வெடிப்புக் கண்டது என்னும் பதிவுகள் வெளியிடப்பட வேண்டும். அதற்கடுத்து, யன்னலற்ற நடு வரிசைகளில் ஆட்களை நிறைத்து, திரைகளை அணைத்து, பாதிக் கதவுகளை மூடி 90 வினாடிச் சோதனை நடத்தப்பட வேண்டும். இன்றைய விதிப்படி அச்சோதனையில் கைக்குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகள் தூக்கிச் செல்லப்படுகின்றன. ஹனேடாவில் இருந்த குழந்தைகள் எட்டு. அந்தத் தொகையையும் மூன்றிலிருந்து கூட்டும்படி கேட்பேன்.